ஒரே மருந்து, இரண்டு விதமான முடிவு: புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனைக் கண்டறிந்த ஜார்ஜ் கார்னரின் கதை

கர்ப்பம் உறுதியானதும் சிலருக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் புரோஜெஸ்ட்ரோன் என்ற பெயர் இருக்கும். சிலருக்கு அது ஊசி, சிலருக்கு மாத்திரை. ஐவிஎஃப் சிகிச்சை எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் இது இல்லாமல் முடியாது. எதுக்கு இந்த மருந்துன்னு வீட்டில் கேட்டால், கரு தங்குறதுக்குன்னு ஒரே வரியில் பதில் வரும்.

அந்த ஒரு வரி சரிதானா? கருவைத் தங்க வைப்பது இந்த ஹார்மோன்தான் என்று யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதற்குப் பதில் தேடினால் அமெரிக்க உடற்கூறியல் நிபுணர் ஒருவரிடம் போய்ச் சேருவோம். அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்னர். ஆமாம், அமெரிக்காவின் முதல் அதிபர் பெயர்தான். ஆனால் இவர் தேர்ந்தெடுத்த களம் இறைச்சிக்கூடமும், முயல் கூண்டும், மைக்ரோஸ்கோப்பும்.

இவருடைய கண்டுபிடிப்பு ஒரு கட்டத்தில் குப்பைக்கூடைக்குப் போயிருக்க வேண்டியது. அதைக் காப்பாற்றியது எது என்பதுதான் இந்தக் கதை.

கரு தங்குறதுன்னா என்ன?

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். சினைப்பையில் இருந்து கருமுட்டை வெளியேறியதும், அது இருந்த இடம் வெறுமனே விடப்படுவதில்லை. அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு சிறிய திரட்சி உருவாகிறது. இதற்குப் பெயர் கார்பஸ் லூட்டியம். லத்தீனில் மஞ்சள் உடல் என்று அர்த்தம்.

கருமுட்டை விந்தணுவுடன் சேர்ந்தால், அது பிரிந்து பிரிந்து வளர்ந்துகொண்டே கருக்குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்கு வரும். அங்கே உள்சுவரில் ஒட்டிப் பதிய வேண்டும். எலியில் இது நாலு, அஞ்சு நாளில் நடந்துவிடும். முயலில் ஏழு நாள். மனிதர்களில் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகலாம்.

கரு வந்து சேரும்போது கர்ப்பப்பையின் உள்சுவர் தயாராக இருக்க வேண்டும். விதை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நிலம் பதமாக இல்லையென்றால் முளைக்காது இல்லையா? அதே மாதிரிதான். நிலத்தைப் பதப்படுத்துவது யார் என்ற கேள்விக்கு 19-ம் நூற்றாண்டின் இறுதி வரை யாருக்கும் விடை தெரியாது. கார்பஸ் லூட்டியத்தைப் பல மருத்துவர்கள் ஆறிப்போன காயத்தின் தழும்பு மாதிரி பார்த்த காலம் அது.

மரணப் படுக்கையில் பிறந்த யோசனை

முதல் துப்பு ஜெர்மனியில் கிடைத்தது. அப்போது ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரம், இன்றைக்கு போலந்தின் விரோத்ஸ்வாஃப். அங்கே பேராசிரியராக இருந்தவர் குஸ்டாவ் போர்ன். பிற்காலத்தில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற மேக்ஸ் போர்னின் அப்பா.

கார்பஸ் லூட்டியம் ஒரு சுரப்பியாக இருக்கலாம், கரு கர்ப்பப்பையில் பதிவதற்கு அதன் சுரப்பு தேவைப்படலாம் என்று குஸ்டாவ் போர்ன் நினைத்தார். ஆனால் சோதித்துப் பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை. 1900-ல் அவர் இறந்தார். இறப்பதற்கு முன் அந்த யோசனையை லுட்விக் பிரேங்கல் என்ற இளம் மகளிர் மருத்துவரிடம் ஒப்படைத்தார்.

பிரேங்கல் முயல்களை எடுத்துக்கொண்டார். இணை சேர்ந்த சில நாட்களுக்குள் அவற்றின் கார்பஸ் லூட்டியங்களைச் சுட்டு அழித்தார். கர்ப்பம் நிற்கவில்லை. போர்னின் யோசனை சரியான திசையில்தான் போகிறது என்று தெரிந்தது. 1903-ல் விரிவான முடிவுகளை வெளியிட்டார். ஆனால் எதிர்ப்பும் வந்தது. சினைப்பையைச் சூடு போட்டால் கர்ப்பம் கலையத்தானே செய்யும், அதற்கு கார்பஸ் லூட்டியம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அதற்கு ஒரே பதில்தான் இருக்க முடியும். கார்பஸ் லூட்டியத்தை எடுத்துவிட்டு, அதன் சாற்றை மட்டும் வெளியில் இருந்து கொடுத்து, கர்ப்பத்தைக் காப்பாற்றிக் காட்ட வேண்டும். அதைச் செய்து காட்ட இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

யார் இந்த கார்னர்?

ஜார்ஜ் கார்னர் 1889 டிசம்பர் 12-ம் தேதி அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தார். படித்ததும் அதே ஊரில், புகழ்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில். 1913-ல் மருத்துவப் பட்டம். நோயாளிகளைப் பார்த்து கிளினிக் நடத்துவதா, ஆய்வுக்கூடத்துக்குப் போவதா என்ற குழப்பம் இருந்தது. மகளிர் மருத்துவப் பிரிவிலும் கொஞ்ச காலம் பணியாற்றினார். கடைசியில் ஆய்வுக்கூடம்தான் வென்றது. அதற்குக் காரணம் அங்கே உடற்கூறியல் துறையை நடத்திய பிராங்க்ளின் மால் என்ற ஆசிரியர். மனிதக் கருக்களைச் சேகரித்து ஆராய்வதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர்.

1915-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கார்னருக்கு வேலை கிடைத்தது. 1919-ல் மறுபடியும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். இந்த ஊர் மாற்றங்களுக்கு நடுவில் மாறாமல் இருந்தது ஒன்றுதான்: பன்றி.

ஏன் பன்றி? இறைச்சிக்கூடத்தில் தினமும் ஏராளமாகக் கிடைக்கும். ஒரே நேரத்தில் பல கருமுட்டைகள் வெளிவரும், அதனால் கார்பஸ் லூட்டியமும் பல இருக்கும். ஆனால் ஒரு சிக்கல். வெட்டப்பட்ட பன்றி எப்போது இணை சேர்ந்தது, கருமுட்டை எப்போது வெளிவந்தது என்று யாருக்கும் தெரியாது. கார்னர் கார்பஸ் லூட்டியத்தின் திசுவை நாள் வாரியாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அதன் தோற்றத்தை வைத்தே வயதைக் கணிக்கக் கற்றுக்கொண்டார்.

இந்தப் பொறுமையான வேலை ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டியது. கார்பஸ் லூட்டியம் வளர வளர, கர்ப்பப்பையின் உள்சுவரும் கூடவே மாறுகிறது. கரு வந்து ஒட்ட வேண்டிய நாள் நெருங்கும்போது சுவர் தயார். கரு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, தயாரிப்பு நடக்கிறது. அப்படின்னா ஏற்பாடு செய்வது கரு இல்லை, வேறு யாரோ. 1921-ல் இதை நீண்ட ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

இவருக்கு இன்னொரு முகமும் உண்டு. லத்தீன் மருத்துவச் சுவடிகள் மீது தீராத ஆசை. இடைக்கால ஐரோப்பாவின் உடற்கூறியல் நூல்களைப் பற்றி 1927-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவற்றில் ஒன்று பன்றியை அறுத்துப் பார்த்து எழுதப்பட்ட பழைய பாடம். பன்றி இவரை எங்கேயும் விடவில்லை.

ராச்செஸ்டரில் சேர்ந்த கூட்டணி

1920-களில் நியூயார்க் மாகாணத்தின் ராச்செஸ்டர் நகரில் புதிய மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. உடற்கூறியல் துறைக்கு முதல் பேராசிரியராக கார்னர் அழைக்கப்பட்டார். அங்கேதான் வில்லார்ட் ஆலன் என்ற மாணவர் அவரிடம் வந்து சேர்ந்தார். 1904-ல் பிறந்தவர், கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு மருத்துவம் படிக்க வந்தவர். உறுப்புகளையும் திசுக்களையும் தெரிந்த பேராசிரியர், சாறு எடுக்கவும் சுத்தப்படுத்தவும் தெரிந்த மாணவர். இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்குமா?

முதல் வேலையாக, பிரேங்கல் செய்ததை கார்னர் தன் கையாலேயே மறுபடி செய்து பார்த்தார். முயல்கள் இணை சேர்ந்து ஒரு நாள்கூட ஆகாத நிலையில் கார்பஸ் லூட்டியங்களை அகற்றினார். கருக்கள் உடனே சாகவில்லை. சில நாள் வளர்ந்தன. பிளாஸ்டோசிஸ்ட் எனப்படும் சிறு குமிழி நிலை வரைக்கும் வந்தன. அதற்கு மேல் போக முடியவில்லை. கர்ப்பப்பைச் சுவரைப் பார்த்தால் எந்தத் தயாரிப்பும் நடந்திருக்கவில்லை. கருவில் கோளாறு இல்லை, தங்க இடம்தான் இல்லை. 1928-ல் இது வெளியானது.

இதற்கு முயலைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு வசதி உண்டு. முயலில் கருமுட்டை தானாக வெளிவருவதில்லை. இணை சேர்ந்தால்தான் வரும், அதுவும் சுமார் பத்து மணி நேரத்தில். அதனால் கருவின் வயதை மணிக்கணக்கில் சொல்ல முடியும். முயலை எலி வகையறா என்று நினைப்பவர்கள் உண்டு, ஆனால் விலங்கியலில் அது கொறித்துண்ணி வரிசையில் சேராது, தனி வரிசை. இருந்தாலும் கர்ப்பத்தின் ஆரம்ப நாட்களைப் பொறுத்தவரை எலியில் பின்னால் தெரிந்த பல விஷயங்களுக்கு வாசல் திறந்தது முயல்தான்.

அடுத்தது சாறு. இறைச்சிக்கூடத்தில் இருந்து பன்றிகளின் சினைப்பைகளைக் கொண்டு வந்து, கார்பஸ் லூட்டியங்களைப் பிரித்தெடுத்து, அரைத்து, ஆல்கஹாலில் சாறு இறக்கினார்கள். சினைப்பை அகற்றப்பட்ட முயலுக்கு அதை ஊசியாகப் போட்டார்கள். கர்ப்பப்பைச் சுவர் மடிப்பு மடிப்பாக விரிந்து, கர்ப்பத்துக்குத் தயாரான நிலைக்கு வந்தது.

தோல்வி, தோல்வி, மறுபடியும் தோல்வி

வெற்றின்னு சொல்லிக் கட்டுரை எழுதிவிடலாமா? அதற்கு முன், வேறு யார் செய்தாலும் அதே முடிவு வருமா என்று பார்க்க வேண்டும். கார்னர் அதே முறையில் சாறு எடுத்து, தானே முயலுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி செய்தார். மறுபடியும் இல்லை. அதே சாறு ஆலன் கையில் வேலை செய்தது, கார்னர் கையில் செய்யவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் துறைத் தலைவர், பல வருட அனுபவம். இன்னொரு பக்கம் இன்னும் டாக்டர் பட்டம் வாங்காத மாணவர். பேராசிரியர் செய்தால் வராத முடிவு மாணவர் செய்தால் மட்டும் வருகிறது. மாணவர் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறார் என்று சொல்லி விஷயத்தை முடிப்பது ரொம்ப சுலபம். கார்னர் அப்படிச் செய்யவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து, ஒவ்வொரு கட்டத்தையும் பிரித்துப் பார்த்தார்கள். ஆல்கஹால், சூடு, வடிகட்டுதல், ஊசியின் அளவு என எதிலும் வித்தியாசம் தெரியவில்லை.

கடைசியில் அவர்கள் சாற்றை விட்டுவிட்டு முயலைப் பார்த்தார்கள். கூண்டில் இருந்த முயல்கள் 600 கிராமில் இருந்து 1,200 கிராம் வரை எடை. ஆலன் எப்போதும் பெரிய முயல்களாகப் பார்த்து எடுத்திருக்கிறார். கார்னர் சின்ன முயல்களை எடுத்திருக்கிறார். இரண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை. சுமார் எட்டு வார வயது, 800 கிராம் எடையைத் தாண்டாத முயலின் கர்ப்பப்பை இந்தச் சாற்றுக்கு அசைந்தே கொடுக்காது. அது இன்னும் குழந்தை முயல்.

முதல் சோதனையிலேயே இரண்டு பேரும் சின்ன முயல்களை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாறு உதவாது என்று முடிவு கட்டி, அதைக் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். கார்னரே பின்னாளில் தன் புத்தகத்தில் இந்தக் கதையை மறைக்காமல் எழுதினார்.

1929-ல் முடிவுகள் வெளியாயின. சினைப்பைகள் முழுவதும் அகற்றப்பட்ட கர்ப்பிணி முயல்களுக்குச் சாறு மட்டும் கொடுத்து, கருக்கள் பதிந்து வளர்வதைக் காட்டினார்கள். போர்ன் நினைத்தது, பிரேங்கல் தேடியது, இப்போது கைக்கு வந்தது. கர்ப்பத்துக்கு ஆதரவானது என்ற பொருளில் அந்தப் பொருளுக்கு புரோஜெஸ்டின் என்று பெயர் வைத்தார்கள்.

சின்ன முயல் ஏன் பதில் சொல்லவில்லை?

இதில்தான் அறிவியல் சுவாரஸ்யமே இருக்கிறது. ஹார்மோன் என்பது ஒரு தகவல். தகவல் அனுப்பினால் மட்டும் போதாது, அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இருக்க வேண்டும். செல்லில் அந்த ஆளுக்குப் பெயர் ஏற்பி. புரோஜெஸ்ட்ரோனுக்கான ஏற்பிகள் கர்ப்பப்பையில் போதுமான அளவு உருவாக வேண்டும் என்றால், அதற்கு முன் ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் வேலை பார்த்திருக்க வேண்டும். குழந்தை முயலில் ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு இல்லை. அதனால் தகவல் போய்ச் சேர்ந்தும் வாங்க ஆள் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு ஹார்மோன் நிலத்தை உழுகிறது, இன்னொன்று பதப்படுத்துகிறது. வரிசை மாறினால் விதை நிற்காது. கார்னருக்கும் ஆலனுக்கும் தலைவலியாக வந்த தோல்விதான் இந்த வரிசையை முதலில் காட்டிக் கொடுத்தது.

எலிகள் சொன்ன மீதிக் கதை

கார்னருக்கு முன்பே, 1907 வாக்கில் லியோ லோப் என்ற ஆய்வாளர் கினிப்பன்றிகளில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். கார்பஸ் லூட்டியம் வேலை செய்யும் நாட்களில் கர்ப்பப்பைச் சுவரை லேசாகக் கீறிவிட்டால், கருவே இல்லாமல் அங்கே திசு தடித்து வளர்ந்தது. கருவைத் தாங்கும் டெசிடுவா என்ற திசு அது. கீறலைக் கரு வந்து தொட்டதாக நினைத்து கர்ப்பப்பை ஏமாந்து போகிறது. ஆனால் கார்பஸ் லூட்டியத்தை எடுத்துவிட்டால் எவ்வளவு கீறினாலும் ஏமாறாது.

பின்னர் வந்த ஆய்வுகளில் சுண்டெலிதான் கதாநாயகன். கர்ப்பமான சுண்டெலியில் நாலாம் நாள் ரொம்ப முக்கியம். முதல் மூன்று நாட்களில் புரோஜெஸ்ட்ரோன் ஏறிக்கொண்டே வரும். நாலாம் நாள் ஈஸ்ட்ரோஜன் கொஞ்சமாக ஒரு துளி எட்டிப் பார்க்கும். அந்தத் துளி வந்தால்தான் கதவு திறக்கும்.

அந்தத் துளி வருவதற்குள் சினைப்பையை அகற்றிவிட்டு, புரோஜெஸ்ட்ரோன் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கரு சாகாது, பதியவும் செய்யாது. கர்ப்பப்பைக்குள் அப்படியே தூங்கும். நாட்கள் கழித்து, கிராமில் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால், விழித்துக்கொண்டு பதிந்துவிடும்.

1992-ல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. ஈஸ்ட்ரோஜன் துளி வந்ததும் கர்ப்பப்பைச் சுரப்பிகள் லிஃப் என்ற புரதத்தை வெளியிடும். இந்தப் புரதம் இல்லாத பெண் எலிகளில் கருக்கள் நன்றாகத்தான் உருவாகின, ஆனால் பதியவே இல்லை. அதே கருக்களை எடுத்து சாதாரண எலியின் கர்ப்பப்பையில் வைத்தால் பதிந்து வளர்ந்தன. 1995-ல் புரோஜெஸ்ட்ரோன் ஏற்பியே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, அவற்றால் கர்ப்பமாகவே முடியவில்லை. 1928-ல் கார்னர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததை, மரபணு அளவில் எலிகள் மறுபடியும் உறுதி செய்தன.

50 ஆயிரம் பன்றிகள், 20 மில்லிகிராம்

மறுபடி 1930-களுக்கு வருவோம். சாறு வேலை செய்வது தெரிந்துவிட்டது. அதில் உள்ள சுத்தமான பொருள் எது? உலகம் முழுக்கப் போட்டி. 1934-ல் நாலு குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அதைப் பிரித்தெடுத்தன. ஒன்று ஆலனும் ஆஸ்கர் வின்டர்ஸ்டெய்னரும். இன்னொன்று ஜெர்மனியின் அடால்ஃப் புட்டனான்ட் குழு. மூன்றாவது சுவிட்சர்லாந்தின் பாசெலில். நாலாவது பிரேங்கலின் பிரெஸ்லாவிலேயே, கார்ல் ஸ்லோட்டா தலைமையில்.

எவ்வளவு சிரமம் என்பதற்கு ஒரு கணக்கு. புட்டனான்ட் குழுவுக்கு 50 ஆயிரம் பன்றிகளின் சினைப்பைகள் தேவைப்பட்டன. கிடைத்தது 20 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு.

பெயரிலும் தகராறு. அமெரிக்கர்கள் புரோஜெஸ்டின் என்றார்கள். ஸ்லோட்டா லூட்டியோஸ்டீரோன் என்றார். 1935-ல் லண்டனில் கூடியபோது இரண்டையும் கலந்து புரோஜெஸ்ட்ரோன் என்று சமரசம் ஆனது.

ஆனால் அந்த வருடங்களில் ஜெர்மனியில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. யூதரான பிரேங்கல், நாஜி ஆட்சியில் பதவியை இழந்து தென் அமெரிக்காவின் உருகுவேக்குப் போனார். ஸ்லோட்டாவும் நாட்டை விட்டு பிரேசில் சென்றார். இதே ஹார்மோனை அளக்க, ஈஸ்ட்ரோஜன் கொடுத்துத் தயார்படுத்திய இளம் முயல்களை வைத்து ஒரு முறையை உருவாக்கியவர் கார்ல் கிளாபெர்க். அவர் பிற்காலத்தில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் யூதப் பெண்கள் மீது கொடூரமான கட்டாயக் கருத்தடை சோதனைகளை நடத்தினார். கர்ப்பத்தைக் காக்கும் அறிவு, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து என்னவாகும் என்பதற்கு அந்தப் பெயர் சாட்சி.

புட்டனான்டுக்கு பாலின ஹார்மோன் ஆய்வுகளுக்காக 1939-ல் வேதியியல் நோபல் அறிவிக்கப்பட்டது. கார்னருக்கும் ஆலனுக்கும் நோபல் கிடைக்கவில்லை.

பன்றியில் இருந்து குரங்கு, குரங்கில் இருந்து மனிதர்

கார்னரின் வேலை அங்கே நிற்கவில்லை. முயலுக்கும் எலிக்கும் மாதவிடாய் கிடையாது. அதனால் பெண்களின் உடலைப் புரிந்துகொள்ள அவர் ரீசஸ் குரங்குகளை ஆராய்ந்தார். கருமுட்டை வெளிவராமலேயே மாதவிடாய் மாதிரி ரத்தப்போக்கு வரலாம் என்று 1923-லேயே காட்டினார். மாதவிடாய் வந்தால் கருமுட்டை வந்திருக்கும் என்ற அன்றைய எண்ணத்தை அது அசைத்தது.

1940-ல் பால்டிமோரில் கார்னெகி நிறுவனத்தின் கருவியல் துறைக்கு இயக்குநர் ஆனார். அவருடைய ஆசிரியர் மால் தொடங்கிய அதே துறை. ஜான் ராக், ஆர்தர் ஹெர்டிக் என்ற பாஸ்டன் மருத்துவர்கள் கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சைகளின்போது கண்டெடுத்த 34 மிக ஆரம்பகால மனிதக் கருக்கள் இந்தத் துறைக்குத்தான் வந்தன. மனிதக் கரு பதியும் முதல் நாட்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும் பகுதி அவற்றில் இருந்து வந்தது. அவை சேகரிக்கப்பட்ட விதம் குறித்த அறம் சார்ந்த கேள்விகள் இன்றும் பேசப்படுகின்றன.

சாதாரண மக்களுக்காகவும் எழுதினார். வளரும் ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று என்று உடலைப் பற்றிய இரண்டு சிறு நூல்களை 1930-களின் கடைசியில் வெளியிட்டார். வீட்டில் இதைப் பற்றிப் பேசவே கூச்சப்பட்ட காலம் அது. 1942-ல் மனித இனப்பெருக்க ஹார்மோன்கள் பற்றிய புத்தகம் வந்தது. முயல் எடைக் கதை அதில்தான் இருக்கிறது.

சரி, இன்னைக்கு இதுல நமக்கு என்ன?

எலிக்கும் மனிதருக்கும் வித்தியாசம் இருக்கிறது. எலியில் கரு வந்து தொட்ட பிறகுதான் டெசிடுவா உருவாகும். பெண்களில் கரு வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு மாதமும் அந்தத் தயாரிப்பு தொடங்கிவிடுகிறது. கரு வரவில்லை என்றால் கார்பஸ் லூட்டியம் சுமார் இரண்டு வாரத்தில் சுருங்கும், புரோஜெஸ்ட்ரோன் இறங்கும், தயாரான சுவர் உதிரும். அதுதான் மாதவிடாய்.

கரு வந்துவிட்டால், அது எச்சிஜி என்ற ஹார்மோனை அனுப்பி கார்பஸ் லூட்டியத்தை வேலையைத் தொடரச் சொல்லும். வீட்டில் செய்யும் கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடு வருவது இந்த எச்சிஜியால்தான். எலியில் கர்ப்பம் முழுக்க சினைப்பையின் புரோஜெஸ்ட்ரோன் தேவை. மனிதர்களில் அப்படி இல்லை. 1970-களில் ஆர்பட் சாப்போ நடத்திய ஆய்வுகளின்படி, ஏழாவது வாரத்துக்கு முன் கார்பஸ் லூட்டியம் அகற்றப்பட்டால் கர்ப்பம் கலைந்துவிடுகிறது. ஒன்பதாவது வாரத்துக்குப் பிறகு அகற்றினால் கர்ப்பம் தொடர்கிறது, ஏனென்றால் அதற்குள் நஞ்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது.

அப்படின்னா கரு கலையாமல் இருக்க எல்லாரும் புரோஜெஸ்ட்ரோன் போட்டுக்கலாமா? இல்லை. இதை பிரிட்டனில் பெரிய அளவில் சோதித்தார்கள். தொடர்ந்து காரணம் தெரியாமல் கருக்கலைப்பு ஏற்பட்ட 836 பெண்களிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. புரோஜெஸ்ட்ரோன் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

2019-ல் இன்னொரு ஆய்வு. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ரத்தக்கசிவு ஏற்பட்ட 4,153 பெண்கள். மருந்து எடுத்தவர்களில் 75 சதவீதம் பேருக்கும், வெற்று மருந்து எடுத்தவர்களில் 72 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. மொத்தமாகப் பார்த்தால் உறுதியாகச் சொல்லும் அளவு வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே கரு கலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இப்போதும் ரத்தக்கசிவு இருந்தால், கொஞ்சம் பலன் தெரிந்தது. 2021-ல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலும் இந்தப் பிரிவினருக்கு இதைப் பரிந்துரைத்தது.

ஏன் எல்லாருக்கும் பலன் இல்லை? பல கருக்கலைப்புகளுக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. அங்கே நிலம் நன்றாகத்தான் இருக்கிறது, பிரச்சினை விதையில். அதில் ஹார்மோன் ஊசி எதையும் மாற்றாது. கரு தங்காமல் போனதற்கு ஓய்வெடுக்கல, மாத்திரை சரியாப் போடல, மாடிப்படி ஏறினன்னு அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்வதில் அர்த்தம் இல்லை என்பதும் இதில் இருந்து தெரிகிறது. அதே நேரம் டாக்டர் காரணத்தோடு எழுதிக் கொடுத்த மருந்தை நாமாக நிறுத்தவும் கூடாது, பக்கத்து வீட்டில் யாருக்கோ கொடுத்ததை நாமாக வாங்கிப் போடவும் கூடாது. ஐவிஎஃப் மாதிரி சிகிச்சைகளில் உடலின் சொந்த கார்பஸ் லூட்டியம் சரியாக இயங்காமல் போகலாம், அங்கே இந்த மருந்து உண்மையிலேயே தேவை.

கடைசி வருடங்கள்

1955-ல் கருவியல் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கார்னர் தன் பழைய காதலான வரலாற்றுக்குத் திரும்பினார். ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் வரலாற்றை எழுதினார். பிலடெல்பியாவில் உள்ள அமெரிக்கத் தத்துவவியல் கழகத்தின் நிர்வாகப் பொறுப்பையும் பல ஆண்டுகள் வகித்தார். ஆலன், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவத் துறைத் தலைவர் ஆனார். 1981-ல் கார்னரின் சுயசரிதை வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 28-ம் தேதி, 91 வயதில் அவர் காலமானார்.

அவர் பெயரில் மருந்து எதுவும் இல்லை, நோபல் பதக்கமும் இல்லை. ஆனால் உலகம் முழுக்க இன்று எழுதப்படும் ஒவ்வொரு புரோஜெஸ்ட்ரோன் சீட்டுக்குப் பின்னாலும், மாணவரின் முடிவைத் தூக்கி எறியாமல் முயலை எடை போட்டுப் பார்த்த ஒரு பேராசிரியர் இருக்கிறார்.